ஆளுக்கு ஒரு குடம்: வறண்ட நிலத்து முகாம்களில் தண்ணீர் எங்கே கெடுகிறது?

சூடான் நாட்டின் மேற்கே உள்ள டார்ஃபூரிலிருந்து வரும் செய்திகளில் வறட்சியும் காலராவும் சேர்ந்தே அடிபடுகின்றன. 2023 ஏப்ரல் 15-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. 2025 ஏப்ரலில் எல் ஃபாஷர் நகருக்குப் பக்கத்திலிருந்த ஜம்ஜம் முகாம் தாக்கப்பட, லட்சக்கணக்கானோர் மேற்கே தவிலா என்ற சிற்றூருக்கு ஓடினார்கள். எல் ஃபாஷரிலிருந்து தவிலா சுமார் 60 கிலோமீட்டர். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகிற தூரம். பலர் நடந்தும் கழுதை மேலும் போய்ச் சேர்ந்தார்கள். சில மாதங்களில் தவிலாவில் காலரா பரவியது.

இதைப் படிக்கிற நம்மூர்க்காரருக்கு இரண்டு கேள்விகள் எழும். தண்ணீரே இல்லாத இடத்தில் தண்ணீரால் பரவுகிற நோய் எப்படி வந்தது? இத்தனை உலக அமைப்புகள் இருக்க, நாலு போர்வெல் போட்டால் தீர்கிற விஷயம்தானே?

தீராது. ஏன் என்பதைக் குடத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். (இந்தக் கட்டுரையில் ‘போர்’ என்றால் சண்டை. தரையில் துளை போடுவதைப் போர்வெல் என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் இரண்டும் குழம்பிவிடும்.)

முதலில் குடக்கணக்கு

பேரிடர், போர்க்கால உதவிகளுக்கு ஸ்ஃபியர் என்ற பெயரில் ஒரு கையேடு உண்டு. 1997-இல் பல உதவி அமைப்புகள் கூடித் தொடங்கிய முயற்சி அது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது அந்தக் கையேடு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்துத்தான்.

நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தைக் கழுத்துவரை பிடித்தால் ஏறக்குறைய 15 லிட்டர். ஆக, ஆளுக்கு ஒரு குடம். நம் கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதாவது மூன்றரைக் குடத்துக்கு மேல். முதல் சில நாட்களில் 15 லிட்டரும் கிடைக்காது. உயிர் தரிக்க 7.5 லிட்டர், அரைக்குடம் போதும் என்று வைத்துக்கொண்டு வேலை தொடங்கும்.

50,000 பேர் உள்ள முகாமுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

1. ஒரு நாளைக்கு 7,50,000 லிட்டர் வேண்டும்.
2. 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி என்றால் 63 நடை. ஒரு லாரி நாளைக்கு மூன்று நடை அடித்தால் 21 லாரி. டீசல், டயர், டிரைவர், சாலையில் துப்பாக்கி இல்லாத நேரம், எல்லாம் சேர்ந்து அமைய வேண்டும்.
3. கையேட்டின்படி 250 பேருக்கு ஒரு குழாய். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் விழுகிற குழாய் என்றால், 250 பேரும் ஆளுக்கு 15 லிட்டர் பிடித்து முடிக்க 500 நிமிடம். எட்டு மணி நேரத்துக்கு மேல் குழாய் மூடாமல் ஓட வேண்டும்.
4. குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் நிற்பது அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே கையேடு சொல்கிறது. 20 லிட்டர் ஜெரிகேன் (கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கேன்) நிறைந்தால் 20 கிலோ. அதைத் தூக்குவது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்.

மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். தண்ணீர் போதுமான அளவு இருந்தாலும் குழாய் போதாவிட்டால் கடைசியில் நிற்பவள் வரிசையை விட்டு விலகி, ஆற்று மணலில் தோண்டிய குழிக்குப் போய்விடுவாள். நோய் தொடங்குகிற இடங்களில் அது ஒன்று.

வறண்ட இடத்தில் காலரா எப்படி?

காலராக் கிருமி மலத்தோடு வெளியேறி, வாய் வழியாக அடுத்தவர் உடம்புக்குள் போகிறது. அதற்கு வெள்ளக்காடு தேவையில்லை. ஒரே ஓர் அசுத்தமான ஊற்று போதும்.

வறண்ட நிலத்தில் நீர்நிலைகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையே எல்லோரும் நம்ப வேண்டும். நூறு கிணறுள்ள ஊரில் ஒன்று கெட்டால் நூறில் ஒரு பங்குக்குத்தான் ஆபத்து. மூன்று கிணறுள்ள முகாமில் ஒன்று கெட்டால் மூன்றில் ஒரு பங்கு. அதோடு, தண்ணீர் அரிதானால் மக்கள் முதலில் குறைப்பது குடிப்பதை அல்ல, கை கழுவுவதை. கழிப்பறை இல்லாத புதிய முகாமில் மலம் வெட்டவெளியில் கிடக்கும். முதல் மழையில் அது பள்ளத்துக்கு வந்து சேரும். டார்ஃபூரில் மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. வறட்சியின் முடிவில் வருகிற அந்த முதல் மழையைத்தான் முகாம் மருத்துவர்கள் பயத்தோடு எதிர்பார்க்கிறார்கள்.

சிகிச்சை கிடைத்தால் காலராவில் இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கிடைக்காவிட்டால் தீவிர நோயாளிகளில் பாதிப் பேர்வரை இறக்கலாம். அந்தச் சிகிச்சையும் பெரும்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான், அதாவது நல்ல தண்ணீர்தான்.

தண்ணீர் எங்கிருந்து வரும்?

இடம் எங்கோ இருந்தாலும் வழிகள் நெல்லைக்காரருக்குப் புதியவை அல்ல.

1. மணலாறு. ஆண்டில் சில நாட்கள் மட்டும் வெள்ளம் ஓடி, மற்ற நாட்களில் மணலாகக் கிடக்கும் ஆற்றை அங்கே வாதி என்கிறார்கள். நம் நம்பியாற்றையும் கருமேனியாற்றையும் கோடையில் பார்த்தவருக்கு விளக்க வேண்டாம். மேலே மணல் சுடும், ஓர் ஆள் ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். மணலே வடிகட்டிவிடுவதால் தண்ணீர் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவை நம்பி ஏமாறக் கூடாது; பக்கத்தில் ஆடு நிற்கும், மேட்டில் ஆள் ஒதுங்கியிருப்பார்.

2. குளம். சூடானில் மழைநீரைத் தேக்க வெட்டும் பள்ளத்துக்கு ஹஃபீர் என்று பெயர். நம் ஊருணிதான். ஆளும் மாடும் ஒரே நீரில் இறங்குவதால் சுத்திகரிக்காமல் குடிக்க முடியாது.

3. போர்வெல். டார்ஃபூரின் பெரும்பகுதிக்கு அடியில் கடும்பாறை. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போர்வெல் போட்டவர்களுக்குப் பாறையின் குணம் தெரியும். வெடிப்பில் மாட்டினால் தண்ணீர். பத்தடி தள்ளினால் புழுதி. துளை போடும் வண்டியை முகாமுக்குக் கொண்டுவரவே பல சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். கிடைத்த நீரில் உப்போ ஃபுளோரைடோ மிகுந்திருக்கவும் கூடும்.

4. லாரி. இலங்கைத் தமிழில் பவுசர். ஆரம்ப வாரங்களில் வேறு வழியில்லை. எல்லா வழிகளிலும் செலவு கூடியது இதுதான், நிறுத்துவதற்குக் கடினமானதும் இதுதான். ஜோர்தானில் 2012 ஜூலையில் சிரியா அகதிகளுக்காகத் திறந்த ஜஅதரி முகாம் ஏறத்தாழ 80,000 பேரோடு ஒரு நகரமாகிவிட்டது. அங்கே லாரித் தண்ணீரிலிருந்து விடுபட முகாமுக்குள்ளேயே கிணறு தோண்டி வீட்டுக்கு வீடு குழாய் இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

கலங்கலை எடு, பிறகு மருந்து போடு

குளத்து நீரோ ஆற்று நீரோ, முதலில் கலங்கல் போக வேண்டும். மண்துகள்களுக்குள் கிருமி ஒளிந்துகொண்டால் குளோரின் எட்டாது. போட்ட குளோரினையும் சகதியே தின்றுவிடும். கலங்கலை அளக்க முகாம்களில் ஓர் எளிய கருவி உண்டு. அடியில் கறுப்பு அடையாளம் போட்ட நீளமான குழாய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். எந்த உயரத்தில் அடையாளம் மறைகிறதோ அதுதான் அளவு. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

கலங்கலை இறக்கப் படிகாரம். அதுவும் கிடைக்காத காலத்தில் நம் பக்கம் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசினார்கள். சூடானில் நைல் கரைப் பெண்களுக்கு அதே வேலையை முருங்கை விதை செய்தது. அங்கே முருங்கைக்குப் பெயரே தெளியவைக்கும் மரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதையின் சத்தும் நீரில் கரைந்து நிற்பதால், மறுநாளுக்குள் மிச்சக் கிருமிகள் அதைத் தின்று பெருகும். வீட்டில் அன்றாடத் தேவைக்கு ஆகும். 50,000 பேருக்கு ஆகாது.

அடுத்து குளோரின். மேலே சொன்ன 7,50,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று போட்டால் ஒரு நாளைக்கு வேண்டியது ஒன்றரைக் கிலோ குளோரின். 70 சதவீத வீரியமுள்ள குளோரின் குருணை என்றால் சுமார் 2 கிலோ 150 கிராம். நம் பஞ்சாயத்துகளில் டேங்க் ஆபரேட்டர் கரைக்கிற பிளீச்சிங் பவுடர், 30 சதவீத வீரியம் என்றால், 5 கிலோ. ஒரு சிறு நகரத்தின் குடிநீரைக் காப்பாற்றும் மருந்து ஒரு சைக்கிள் கேரியரில் அடங்கிவிடும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? ஒன்று, வெயில். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் 40 டிகிரிச் சூட்டில் வேகமாக வீரியம் இழக்கும். மூட்டையில் 30 என்று அச்சடித்திருக்கும், உள்ளே அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். இரண்டு, நேரம். மருந்து போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கும் கூட்டம் காத்திருக்க விடாது. மூன்று, வாடை. ‘பிளீச்சிங் வாடை அடிக்கு’ என்று நம்மூரிலேயே குழாய்த் தண்ணீரை ஒதுக்கிவிட்டுக் கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் உண்டு. முகாமில் ஒதுக்கினால் போகும் இடம் மணல் ஊற்று.

குழாயடியில் நல்ல தண்ணீர், குடிசையில் கெட்ட தண்ணீர்

என் கணிப்பில் விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. செய்திகளில் அதிகம் வராததும் இதுதான்.

2004-இல் எல் ஃபாஷர் அருகே அபூ ஷூக் முகாமில் வயிற்றுப்போக்கு பரவியது. தண்ணீர் வருகிற இடத்தில் சோதித்தால் நன்றாக இருந்தது. சந்தேகம் பாத்திரங்கள் மேல் விழுந்தது. வாய் குறுகிய ஜெரிகேன்களுக்குள் கை நுழையாது. மாதக்கணக்கில் உட்புறம் வழவழவென்று பாசி படிந்து கிடந்தது. முகாம் முழுக்கக் கேன்களைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் கடும் குளோரின் கரைசலையும் கூழாங்கற்களையும் போட்டுக் குலுக்கிக் கழுவினார்கள். நோய் குறைந்தது. எண்ணெய்ப் பாட்டிலுக்குள் அரிசியையும் தண்ணீரையும் விட்டுக் குலுக்குகிற நம் வீட்டு வித்தைதான், ஆயிரக்கணக்கான கேன்களுக்கு.

வாய் அகன்ற பாத்திரத்தில் சிக்கல் வேறு மாதிரி. செம்பை விட்டு மோள்கிறபோது செம்போடு விரலும் போகிறது. மலாவி நாட்டின் நியாமிதுத்து அகதி முகாமில் 1990-களில் ஒரு சோதனை நடந்தது. சில குடும்பங்களுக்கு மூடியும், தண்ணீர் சாய்த்து ஊற்ற ஒரு மூக்கும் வைத்த வாளி கொடுத்தார்கள். கை உள்ளே போக முடியாது. மற்றவர்கள் பழைய வாளியையே வைத்துக்கொண்டார்கள். புது வாளி வைத்திருந்த வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்தது. இரண்டு தரப்புக்கும் ஒரே தண்ணீர்தான். வாளிதான் வேறு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ‘மீதிக் குளோரின்’. கிருமிகளைக் கொன்றபின்னும் தண்ணீரில் தங்கி, புதிதாக விழும் கிருமியைக் கொல்லக் காத்திருக்கிற அளவு அது. குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருந்தால் போதும் என்பது நெடுநாள் விதி. அது குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிற நகரத்துக்காக எழுதியது; முகாமில் தண்ணீர் காலையில் பிடித்து, வெயிலில் நடந்து, குடிசையில் இரவுவரை கிடக்கிறது. 2013-இல் தெற்கு சூடான் அகதி முகாம்களில் தண்ணீரைக் குழாயடியிலிருந்து குடிசைவரை பின்தொடர்ந்து அளந்தார்கள். 10 மணி நேரம் கழித்தும் குடிசையில் 0.2 மிஞ்ச வேண்டுமானால் குழாயடியில் 1 மில்லிகிராம் வேண்டும் என்று தெரிந்தது. ஒன்றென்றால் வாடை அடிக்கும். வாடை அடித்தால் சிலர் ஊற்றுக்குப் போவார்கள். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதை முகாமுக்கு முகாம், பருவத்துக்குப் பருவம் அளந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதனால் காலையில் தொட்டி நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதனை மாத்திரை போட்டுப் பார்த்து, நீர் இளஞ்சிவப்பானால் ‘குளோரின் சரி’ என்று எழுதிவிட்டுப் போவது பாதி வேலைதான். மாலையில் குடிசைக்குள் போய், குழந்தை குடிக்கிற டம்ளரில் பார்க்க வேண்டும்.

கொதிக்க வைக்கலாமே? ஆர்ஓ வைக்கலாமே?

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது இதே யோசனைகள் இங்கேயும் வந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி உறைகிணறுகளும் மோட்டார்களும் மூழ்கி, சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாள்கணக்கில் லாரிக்குக் காத்திருந்தது நெல்லைச் சீமை. காய்ச்சிக் குடியுங்கள் என்றார்கள். கேஸ் அடுப்பு வைத்திருந்தவர்களால் முடிந்தது.

முகாமில் அடுப்பு என்பது மூன்று கல். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கச் சுமார் ஒரு கிலோ விறகு என்பது உதவி அமைப்புகளின் கணக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்க மட்டும் நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ. டார்ஃபூரில் விறகு பொறுக்க முகாமுக்கு வெளியே போன பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானது 2005-லிருந்தே மருத்துவ அமைப்புகள் பதிவு செய்துவருகிற உண்மை. அங்கே ‘காய்ச்சிக் குடி’ என்று சொல்பவர், ஒரு பெண்ணைக் காட்டுக்கு அனுப்புகிறார்.

ஆர்ஓ உப்பை எடுக்கும். ஆனால் உள்ளே விட்டதில் கணிசமான பங்கைக் கழிவுநீராக வெளியே தள்ளும். தண்ணீர் அரிதான இடத்தில் அது வலிக்கும். மின்சாரம் வேண்டும், வடிப்பானை மாற்ற ஆள் வேண்டும். எல்லாம் இருந்தாலும், வெளிவருகிற நீரில் மீதிக் குளோரின் இருக்காது. பாசி படிந்த கேனில் ஆர்ஓ தண்ணீர் பிடித்தால் அது பாசி படிந்த கேன் தண்ணீர். உப்பு தாங்க முடியாத இடத்தில் மட்டும் ஆர்ஓ, அதன் பின்னும் குளோரின் என்பதே சரியான வரிசை.

குழாயைத் திறப்பவன் கையில் துப்பாக்கி

இதுவரை சொன்னவை வறட்சியின் சிக்கல்கள். போர் இன்னொரு பூட்டுப் போடுகிறது.

சிரியாவின் வடகிழக்கில் அலூக் என்ற நீரேற்று நிலையம் இருக்கிறது. ஹசகா நகரமும் அதைச் சுற்றியுள்ள முகாம்களுமாகச் சுமார் 4,60,000 பேர் அதன் கிணறுகளை நம்பியிருந்தார்கள். 2019 அக்டோபரில் நிலையம் துருக்கி ஆதரவுப் படைகளின் கைக்குப் போனது. அதற்கு மின்சாரம் வந்த தர்பாசியா துணைமின் நிலையமோ குர்து தரப்பின் கையில். தண்ணீர் ஒருவரிடம், கரண்ட் மற்றவரிடம். ஒருவர் மின்சாரத்தை நிறுத்த, மற்றவர் தண்ணீரை நிறுத்த, ஹசகாக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் லாரிக்குக் காத்திருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1977-இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகளில் முதலாவதன் 54-ஆம் பிரிவும், உள்நாட்டுப் போருக்கான இரண்டாவதன் 14-ஆம் பிரிவும் குடிநீர் அமைப்புகளைத் தாக்குவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடை செய்கின்றன. 2021 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2573-ஆம் தீர்மானத்தில் இதை மறுபடி வலியுறுத்தியது. ஆனால் பம்ப் ஹவுஸ் மேல் குண்டு போடாமலே அதை நிறுத்த முடியும்: டீசலை மறித்தால் போதும், மெக்கானிக்கைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் போதும். குளோரினை ஆயுதமாகவும் ஆக்கலாம் என்ற சந்தேகத்தில் ஒரு டிரம் வாரக்கணக்கில் சாவடியில் நின்றாலும் போதும். இவற்றை யுத்தக் குற்றமென்று நிரூபிப்பது, உடைந்த தொட்டியைப் படம் பிடிப்பதைவிடக் கடினம்.

முகாம் ஊராகும்போது

அவசரத்துக்கு என்று திறந்த முகாம்கள் அவசரத்தோடு முடிவதில்லை. கென்யாவின் வறண்ட கிழக்கில் 1991-இல் தொடங்கிய ததாப் இன்னும் இருக்கிறது. 2009-இல் வன்னிப் போர் முடிந்தபோது லட்சக்கணக்கான தமிழர்களை அடைத்த செட்டிகுளம் மெனிக் பாம், அருவியாற்றின் கரையில், உலர்வலயத்தில் இருந்தது. அது மூடப்பட்டது 2012 செப்டம்பரில். நம் பக்கத்திலேயே கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம் இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது.

ஆண்டுகள் போகப் போகக் கேள்வி மாறுகிறது. லாரிக்கு டீசல் எங்கே என்பது போய், நிலத்தடியில் இன்னும் எவ்வளவு என்றாகிறது. முகாம்களில் டீசல் மோட்டார்களுக்குப் பதிலாக சோலார் மோட்டார்கள் வருவது நல்ல விஷயம்தான். சாவடியில் மறிக்க டீசல் இல்லை. ஆனால் டீசல் செலவு இருந்தபோது மோட்டாரை அணைக்க ஒரு காரணம் இருந்தது. வெயில் இலவசம், காலை முதல் மாலைவரை இறைக்கிறது. கடும்பாறை வெடிப்பில் தேங்கியிருப்பது மழைக்காலத்தில் ஊறியது மட்டுமே. அதே அபூ ஷூக்கில், முகாம் வந்த சில ஆண்டுகளிலேயே போர்வெல்கள் சில வற்றிப்போயின. சுற்றியுள்ள ஊர்க்காரரின் கிணறும் அதே பாறை வெடிப்பில்தான் ஊறுகிறது. அவர்கள் கிணறு இறங்கும்போது வந்தேறிகளைத்தான் பார்ப்பார்கள்.

அதனால்தான் முகாமில் புதிய போர்வெல்லுக்கு மோட்டார் இறக்கும்போதே, நீர்மட்டம் அளக்க ஓர் ஒல்லிக் குழாயையும் பக்கத்தில் இறக்கச் சொல்கிறார்கள் நீரியலாளர்கள். அதில் வாரம் ஒருமுறை நாடாவை விட்டு, மட்டம் எத்தனை அடி கீழே போயிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க, முகாமிலேயே ஓர் ஆளும் வேண்டும்.